பேஷண்ட் கூட முதல் தடவை அட்டெண்டரா தங்கப் போறீங்களா? வார்டு நர்ஸ் ஒருத்தி சொல்றது

அப்பாவுக்கோ மாமியாருக்கோ திடீர்னு முடியாம போயி, ஜிஹெச்ல அட்மிஷன் போட்டு, "யாராவது ஒரு அட்டெண்டர் கூடவே இருங்க"ன்னு சொல்லிட்டு டாக்டர் அடுத்த பெட்டுக்குப் போயிடுவாங்க. இருந்து என்ன பண்ணணும்னு யாரும் சொல்ல மாட்டாங்க. அப்படி கையில ஒரு பையும் ஓபி சீட்டுமா முழிச்சுக்கிட்டு நிக்கறவங்கள நான் வார்டுல தினமும் பாக்கறேன். அவங்களுக்காகத்தான் இது. நான் வேலை பாக்கறது அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில, மெடிக்கல் வார்டு. அதனால அங்க நடக்கறத வச்சுதான் சொல்றேன். பிரைவேட்ல ரூல்ஸ் கொஞ்சம் மாறும், பேஷண்ட்ட பாத்துக்கற விதம் எங்கயும் ஒண்ணுதான்.

ஒரு விஷயத்த மொதல்லயே சொல்லிடறேன். இந்திய நர்சிங் கவுன்சில் கணக்குப்படி டீச்சிங் ஆஸ்பத்திரியில 3 பேஷண்டுக்கு ஒரு நர்ஸ் இருக்கணும், மத்த ஜெனரல் ஆஸ்பத்திரியில 5 பேஷண்டுக்கு ஒருத்தர். ஆனா நைட் டியூட்டில வந்து பாருங்க, ஒரு சிஸ்டர் ஒரு ஹால் முழுக்க பாத்துக்கிட்டு இருப்பாங்க, தரையில பாய் போட்டு படுத்திருக்கற பேஷண்டும் அதுல உண்டு. உங்க அப்பா பக்கத்துல நாள் முழுக்க உக்காந்திருக்கறது நீங்க மட்டும்தான். அதனால நீங்க பாக்கறது, கவனிக்கறது, எங்ககிட்ட வந்து சொல்றது, இதெல்லாம் வைத்தியத்துல ஒரு பாதி. சும்மா துணைக்கு உக்காந்திருக்கோம்னு நெனைக்காதீங்க.

மொத நாள்

ஆதார், ரேஷன் கார்டு, காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தா அது, இதெல்லாம் ஜெராக்ஸோட ஒரு கவர்ல போட்டு வச்சுக்கோங்க. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் கவரேஜ் இருக்கு, அட்டை இல்லன்னா வருமானச் சான்றிதழ் வாங்கி சேரலாம், ஆஸ்பத்திரிக்குள்ளயே அதுக்குன்னு ஒரு கவுண்ட்டர் இருக்கும், அட்மிஷன் போட்ட அன்னிக்கே போய் விசாரிச்சிடுங்க. ரோட்ல ஆக்சிடென்ட் ஆகி வந்திருந்தா 'நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பர்ல இருந்து இருக்கு, அந்த லிஸ்ட்ல உள்ள ஆஸ்பத்திரியா இருந்தா பிரைவேட்னாலும் முதல் 48 மணி நேரத்துக்கான அவசர சிகிச்சைய அரசு பாத்துக்கும்.

இத விட முக்கியம் பழைய மாத்திரைங்க. "வெள்ளையா ஒரு மாத்திரை, காலையில ஒண்ணு நைட்டு ஒண்ணு"ன்னு சொன்னா எங்களுக்கு ஒண்ணும் புரியாது. வீட்ல இருக்கற ஸ்ட்ரிப், இன்சுலின் பாட்டில், நாட்டு மருந்து சாப்பிட்டிருந்தா அந்த டப்பா, எல்லாத்தையும் அப்படியே ஒரு பையில அள்ளிட்டு வந்துடுங்க. லேகியம், கஷாயம் சாப்பிட்டதை திட்டுவாங்கன்னு மறைக்காதீங்க, கிட்னி டெஸ்ட் ரிசல்ட் ஏன் அப்படி வருதுன்னு கண்டுபிடிக்க அது வேணும். எந்த மருந்தாவது முன்னாடி ஒத்துக்காம தடிப்பு, மூச்சுத்திணறல் வந்திருந்தா கேக்காமலே சொல்லுங்க. ஒரு சிஸ்டர்கிட்ட சொன்னோமேன்னு விட்டுடாம ஊசி போட வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லுங்க.

பேஷண்ட் கையில இருக்கற மோதிரம், வளையல் எல்லாத்தையும் கழட்டி வீட்டுக்கு அனுப்பிடுங்க. கை வீங்கிட்டா அப்பறம் மோதிரத்த வெட்டித்தான் எடுக்கணும். நெயில் பாலிஷ் இருந்தா அழிச்சிடுங்க, விரல்ல மாட்டற ஆக்ஸிஜன் மெஷின் சரியா காட்டாது. கட்டின பல்செட்டு இருந்தா சொல்லுங்க, மயக்கத்துல இருக்கறவங்களுக்கு அது தொண்டையில போய் அடைக்கும். பக்கெட், மக், பிளாஸ்க், ரப்பர் ஷீட், பழைய காட்டன் வேட்டி நாலஞ்சா கிழிச்சது, ஒரு சின்ன நோட்டு, பேனா, இதெல்லாம் கொண்டு வந்துடுங்க. புது துணி வேண்டாம், நூறு தடவை துவைச்ச பழைய வேட்டிதான் தோலுக்கு நல்லது.

யாரு யாருன்னு தெரிஞ்சுக்கோங்க

வெள்ளை கோட் போட்ட எல்லாரும் பெரிய டாக்டர் இல்ல. ஹவுஸ் சர்ஜன் (பயிற்சி டாக்டர்), பிஜி (மேற்படிப்பு படிக்கற டாக்டர்), அசிஸ்டென்ட், சீஃப்னு வரிசை இருக்கு. டாக்டருங்க பெட் பெட்டா பாக்க வர்ற ரவுண்ட்ஸ் காலையிலதான், அந்த நேரத்துக்கு குளிக்கப் போயிட்டேன் டிபன் வாங்கப் போயிட்டேன்னா அன்னிக்கு முழுக்க உங்களுக்கு தகவல் கெடைக்காது. வீட்ல அஞ்சு பேர் இருந்தாலும் டாக்டர்கிட்ட பேசறது ஒருத்தரா இருக்கட்டும். அண்ணன் ஒண்ணு கேட்டு மச்சான் ஒண்ணு கேட்டு கடைசியில யாருக்கும் எதுவும் தெரியாம போற குடும்பம் நெறைய.

வார்டுல எங்கள பாக்க சிஸ்டர்னு கூப்பிட்டா போதும். எங்களுக்கு மேல இன்-சார்ஜ் சிஸ்டர் ஒருத்தங்க இருப்பாங்க, ஏதாவது குறைன்னா அவங்ககிட்ட போங்க. ஷிப்ட் மாறும்போது ஒரு சிஸ்டர் இன்னொரு சிஸ்டருக்கு பெட் பெட்டா போய் ஓவர் குடுப்பாங்க, இந்த பேஷண்டுக்கு என்ன ஆச்சு, எந்த மருந்து போச்சு, எது பாக்கின்னு. அந்த பத்து நிமிஷம் எங்கள கூப்பிடாம இருந்தா நல்லது, அவசரம்னா தவிர. ஆனா ஓவர் உங்க பெட்டுக்கு வரும்போது நின்னு கவனிங்க. ஏதாவது விட்டுப்போச்சுன்னா அப்பவே சொல்லுங்க, "நைட்டு ரெண்டு தடவை வாந்தி எடுத்தாரு"ன்னு. அந்த ஒரு வரி அடுத்த ஷிப்ட் முழுக்க உதவும்.

ஸ்ட்ரெச்சர் தள்ள, வார்டு மாத்த, யாராவது காசு கேட்டா குடுக்க வேண்டியதில்ல. இன்-சார்ஜ் சிஸ்டர்கிட்டயோ ஆர்எம்ஓ (ஆஸ்பத்திரி நிர்வாகத்த பாக்கற டாக்டர்) ஆபீஸ்லயோ சொல்லுங்க, 104க்கு போன் பண்ணியும் புகார் குடுக்கலாம்.

எதை கவனிக்கணும், எப்படி சொல்லணும்

பக்கவாதம் வந்த ஒரு அப்பாவோட பொண்ணு, அவங்களும் முதல் தடவை அட்டெண்டர்தான், ஒரு நைட்டு நாங்க உக்கார்ற நர்ஸ் ஸ்டேஷன் பக்கத்துல வந்து வந்து திரும்பிப் போயிட்டு இருந்தாங்க. நானா கூப்பிட்டு "என்னம்மா"ன்னு கேட்டேன்.

"ஒண்ணுமில்ல சிஸ்டர், அப்பாவோட இந்தக் கை அந்தக் கைய விட பெருசா இருக்கற மாதிரி தெரியுது, நானா நெனைச்சுக்கறேனோ என்னவோ."

போய் பாத்தா வென்ஃப்ளான் (டிரிப்ஸ் ஏத்த கையில குத்தி வைக்கற ஊசிக் குழாய்) போட்ட இடத்துக்கு மேல முழங்கை வரைக்கும் உப்பியிருக்கு, தொட்டா ஜில்லுன்னு இருக்கு, தோல் பளபளன்னு இழுத்துப் பிடிச்சிருக்கு. மருந்து நரம்புக்குள்ள போகாம வெளிய தசையில எறங்கிட்டு இருந்திருக்கு. அவர் அந்தப் பக்கம் உணர்ச்சி இல்லாதவரு, வலிக்குதுன்னு சொல்ல முடியாது. உடனே நிறுத்தி, வென்ஃப்ளான எடுத்து, கைய தலகாணி மேல ஒசத்தி வச்சோம், வேற கையில போட்டோம். "எப்ப இருந்தும்மா இப்படி"ன்னு கேட்டா, "சாயங்காலமே பாத்தேன் சிஸ்டர், நீங்க ஓடிக்கிட்டே இருந்தீங்க, திட்டுவீங்கன்னு பயந்துட்டேன்"னாங்க.

இந்த பயம்தான் உங்ககிட்ட இருக்கக் கூடாதுன்னு நான் சொல்றது. நாங்க பிஸிதான், சில நேரம் சுள்ளுன்னு பேசிடறோம், அது சரியில்லதான். ஆனா நீங்க கண்ணால பாத்தது நாங்க சார்ட்ல எழுதறத விட முன்னாடி வர்ற தகவல். வந்து சொல்லுங்க. சொல்லும்போது "ஒரு மாதிரியா இருக்காரு"ன்னு சொன்னா எங்களுக்கு எங்க ஆரம்பிக்கறதுன்னு தெரியாது. பெட் நம்பர், எப்போ இருந்து, முன்ன எப்படி இருந்தாரு இப்ப எப்படி இருக்காரு, இந்த மூணும் போதும். "12ஆம் பெட், அரை மணி நேரமா, பேசிட்டு இருந்தவரு இப்ப கூப்பிட்டா கண்ணு மட்டும் தொறக்கறாரு." இதக் கேட்டா எந்த சிஸ்டரும் உக்காந்திருக்க மாட்டாங்க.

யோசிக்காம ஓடி வர வேண்டியது இதெல்லாம்: மூச்சு வாங்கறது திடீர்னு கூடுறது, உதடு நீலமாகறது, நெஞ்சு வலி, வாய் கோணி பேச்சு குழர்றது, எழுப்பினா எழுந்திரிக்காதது, குளிர்ந்து வேர்க்கறது, ரத்த வாந்தி, தார் மாதிரி கறுப்பா மலம் போறது. ரத்தம் ஏத்திக்கிட்டு இருக்கும்போது குளிர் நடுக்கம், அரிப்பு, முதுகுவலி வந்தா, அதுவும் முதல் 15 நிமிஷத்துக்குள்ள வந்தா, ஒரு நொடி கூட காத்திருக்க வேண்டாம். ஆறேழு மணி நேரமா யூரின் போகலைன்னாலும் சொல்லுங்க. ஃபிட்ஸ் வந்தா கையில சாவிக்கொத்து திணிக்கறது, வாயில ஸ்பூன் வைக்கறது எதுவும் வேண்டாம், ஒருக்களிச்சு படுக்க வச்சுட்டு சத்தம் போட்டு கூப்பிடுங்க.

நீங்க தொடக் கூடாதது

டிரிப்ஸ் வேகத்த கூட்டாதீங்க. "சீக்கிரம் எறங்கினா சீக்கிரம் வீட்டுக்குப் போலாம்"னு டியூப்ல இருக்கற ரோலர (வேகத்த கூட்டிக் கொறைக்கற சின்ன சக்கரம்) தள்ளி விடற ஆட்கள் இருக்காங்க. இதயம், கிட்னி வீக்கா இருக்கறவங்களுக்கு அந்தத் தண்ணி நுரையீரல்ல போய் நிக்கும், மூச்சுத்திணறல் வந்துடும். பாட்டில் முடிஞ்சதும் காத்து உள்ள போய் உயிர் போயிடும்னு பதறி டியூப புடுங்கறவங்களும் இருக்காங்க, அதுவும் வேண்டாம். சிஸ்டர் ரோலர மூட சொல்லிக் குடுத்திருந்தா மூடிட்டு வந்து கூப்பிடுங்க, இல்லன்னா கூப்பிட்டா மட்டும் போதும். ஆக்ஸிஜனும் அப்படித்தான். சிகரெட்டால நுரையீரல் கெட்டுப்போன சிலருக்கு ரத்தத்துல ஆக்ஸிஜன் அளவு 88ல இருந்து 92 சதவீதம் இருந்தாலே போதும்னு டாக்டரே வச்சிருப்பாங்க, பக்கத்து பெட்ல 98 காட்டுதுன்னு நீங்க திருகிவிட்டா கெடுதல்தான்.

சாப்பாடு விஷயத்துல பாசம்தான் பெரிய ஆபத்து, இத எத்தனை தடவை சொன்னாலும் பத்தாது. பக்கவாதம் வந்தவங்களுக்கு முழுங்கற சக்தி இருக்கான்னு டெஸ்ட் பண்ணி பாக்கற வரைக்கும் ஒரு வாய் தண்ணி கூட குடுக்கக் கூடாது. "ரெண்டு நாளா ஒண்ணும் சாப்பிடலையே, ஒரு வாய் காப்பி"ன்னு பாக்க வந்த பெரியம்மா ஊத்திட்டுப் போயிடுவாங்க, அது வயித்துக்குப் போகாம நுரையீரலுக்குப் போயி நிமோனியா ஆகும், வந்த நோய விட அது பெருசா போயிடும். கிட்னி ஃபெயிலியர் பேஷண்டுக்கு இளநீர் குடுக்காதீங்க, அதுல பொட்டாசியம் அதிகம், கிட்னி வெளிய தள்ள முடியாத பொட்டாசியம் இதயத்துடிப்பையே குழப்பிடும். ஆபரேஷனுக்கு முன்னாடி எம்ப்டி ஸ்டொமக்னு சொன்னா ஒரு பிஸ்கட்டும் கிடையாது. சாப்பாட்டுக்கு முன்னாடி போடற இன்சுலின் போட்டுட்டா சாப்பாடு லேட் ஆகக் கூடாது, அதனால சாப்பாடு கைக்கு வந்துடுச்சான்னு பாத்துட்டு சிஸ்டர்கிட்ட சொல்லுங்க. வேர்த்துக் கொட்டி கை நடுங்கினா லோ சுகரா இருக்கலாம், உடனே கூப்பிடுங்க.

புண்ணு வராம பாக்கறது

படுத்த படுக்கையா இருக்கறவங்கள பாத்துக்க வந்திருந்தா இந்தப் பகுதிய ரெண்டு தடவை படிங்க. படுக்கைப் புண் வர்றதுக்கு மாசக்கணக்கு வேண்டாம், அசையாம ஒரே பக்கமா ஒரு நாள் படுத்தாலே ஆரம்பிச்சிடும். எலும்பு மேல அழுத்தம் இருந்துக்கிட்டே இருந்தா அந்த எடத்துக்கு ரத்தம் போகாது, தோல் செத்துப் போகும், அவ்வளவுதான் காரணம். பின்பக்கம் வால் எலும்பு, ரெண்டு இடுப்பு, குதிகால், பின்னந்தலை, முழங்கை, தோள்பட்டை, இதெல்லாம் தினமும் துணிய வெலக்கி பாக்கணும். நம்ம ஊர் நெறத்துக்கு புத்தகத்துல சொல்ற மாதிரி செவப்பு தெரியாது, கொஞ்சம் கூட கறுத்திருக்கும், தொட்டா சூடா இல்ல கெட்டியா இருக்கும், விரலால அமுக்கி எடுத்தா நெறம் மாறாது. அப்படி இருந்தா அந்தப் பக்கம் திரும்ப படுக்க வைக்காதீங்க, சிஸ்டர்கிட்ட காட்டுங்க. அத தேய்ச்சு மசாஜ் பண்ணாதீங்க, உள்ள இருக்கற தசை இன்னும் கெட்டுப் போகும். பவுடர் கொட்டாதீங்க, வேர்வையில கட்டியாகி அறுக்கும்.

2 மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பணும். நோட்டுல எழுதி வச்சுக்கோங்க, 8 மணி எடப்பக்கம், 10 மணி மல்லாக்க, 12 மணி வலப்பக்கம். திருப்பும்போது தனியா கைய புடிச்சு இழுக்காதீங்க, பக்கவாதக் கைன்னா தோள்மூட்டு எறங்கிடும். அடியில மடிச்சுப் போட்ட பெட்ஷீட்ட ரெண்டு பக்கமும் ரெண்டு பேர் புடிச்சு ஒண்ணு ரெண்டு மூணு சொல்லி தூக்கி நகர்த்துங்க. இழுத்தா தோல் உரியும், தூக்கினா உரியாது. ஒருக்களிச்சு படுக்க வச்சா முதுகுக்கு ஒரு தலகாணி, ரெண்டு முட்டிக்கு நடுவுல ஒண்ணு, கெண்டைக்கால் அடியில ஒண்ணு வச்சு குதிகால் அந்தரத்துல நிக்கற மாதிரி பாத்துக்கோங்க. ஏர் பெட் வாங்கிட்டோமே இனி திருப்ப வேண்டாம்னு விட்ட வீடுகள்ல இருந்துதான் பெரிய பெரிய புண்ணோட பேஷண்ட் திரும்பி வர்றாங்க. ஏர் பெட் உதவிதான், திருப்பறதுக்கு பதில் இல்ல.

ஈரம் இருக்க விடாதீங்க. டயப்பர் நெறையற வரைக்கும் காத்திருக்காம மாத்துங்க, வெதுவெதுப்பான தண்ணியில தொடைச்சு ஒத்தி எடுங்க.

டியூபுங்க

மூக்குல டியூப் இருந்தா ஃபீட் (டியூப் வழியா விடற கஞ்சி மாதிரி சாப்பாடு) குடுக்க சிஸ்டர் சொல்லித் தருவாங்க. தலைப்பக்கத்த நல்லா ஒசத்தி சாய்ஞ்சு உக்கார வைக்கணும், மூக்குகிட்ட டியூப்ல போட்ட மார்க் நகர்ந்திருக்கான்னு பாக்கணும், நகர்ந்திருந்தா குடுக்காம கூப்பிடணும். சிரிஞ்ச தூக்கிப் புடிச்சு தானா எறங்க விடணும், அழுத்தி தள்ளக் கூடாது. குடுத்து முடிச்சதும் தண்ணி விட்டு டியூப கழுவணும், இல்லன்னா கஞ்சி ஒட்டி அடைச்சுக்கும். அப்பறம் ஒரு மணி நேரம் அப்படியே சாய்ஞ்சே இருக்கட்டும். குடுக்கும்போது இருமல், மூச்சுத்திணறல் வந்தா அங்கயே நிறுத்துங்க. மாத்திரைய பொடி பண்ணி குடுக்கலாமான்னு ஒவ்வொண்ணுக்கும் கேட்டுக்கோங்க, சில மாத்திரை மெதுவா கரையறதுக்காகவே செஞ்சது, அத பொடிச்சா மருந்து மொத்தமா ஒரே நேரத்துல எறங்கிடும்.

யூரின் பேக் எப்பவும் இடுப்புக்கு கீழ தொங்கணும், தரையில படக் கூடாது. ஸ்கேன் எடுக்க ஸ்ட்ரெச்சர்ல கூட்டிட்டுப் போகும்போது பேக்க பேஷண்ட் வயித்து மேல வச்சிடுவாங்க, அது வேண்டாம், பேக்ல இருக்கறது திரும்ப உள்ள ஓடும், இன்ஃபெக்ஷன் வரும். அளவு எழுத சொல்லியிருந்தா கொட்டறதுக்கு முன்னாடி எவ்வளவுன்னு பாத்து எழுதிடுங்க. எது தொடறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் சோப்பு போட்டு கை கழுவுங்க, பக்கத்து பெட் தாத்தாவுக்கு உதவிட்டு வந்தா மறுபடியும் கழுவுங்க.

நைட்டு குழப்பம்

வயசானவங்க பகல்ல நல்லா பேசிட்டு இருப்பாங்க, நைட்டு ஆனா "வீட்டுக்குப் போலாம், மாடு கத்துது"ன்னு எழுந்து நடக்கப் பாப்பாங்க, டியூப உருவுவாங்க, பெத்த புள்ளைய யாருன்னு கேப்பாங்க. காத்து கருப்பு பட்டுடுச்சுன்னு மந்திரிக்க ஆள் கூட்டிட்டு வர்றாங்க சில பேர். அது டெலீரியம், உடம்புல இன்ஃபெக்ஷன், சோடியம் குறையறது, தூக்கமில்லாதது, மலச்சிக்கல், இப்படி எதுனாலயும் வரும், காரணத்த சரி பண்ணினா பெரும்பாலும் சரியாகும். எங்ககிட்ட சொல்லுங்க. கண்ணாடி போடறவங்கன்னா மாட்டி விடுங்க, காது மெஷினும். "அப்பா, இது ஆஸ்பத்திரி, நான் உங்க பொண்ணு, இப்ப ராத்திரி"ன்னு அமைதியா திரும்பத் திரும்ப சொல்லுங்க, சண்டை போடாதீங்க. கைய கட்டிப் போட்டா இன்னும் மெரண்டு போவாங்க.

எங்க பக்கமும் கொஞ்சம்

நைட் டியூட்டி பல எடத்துல 12 மணி நேரம். எங்கள்ல தொகுப்பூதியத்துல வேலை பாக்கற பொண்ணுங்க நெறைய, நிரந்தரம் ஆவோமான்னு தெரியாமலே உங்க அப்பாவுக்கு மலம் தொடைச்சு விடறாங்க. ஒரு பேஷண்ட் போயிட்டா அந்தக் குடும்பம் அழுவாங்க, நாங்க அடுத்த பெட்டுக்கு ஊசி போடப் போயிடுவோம், கல்நெஞ்சுன்னு நெனைப்பீங்க. அந்த ஊசி லேட் ஆகக் கூடாதுன்னுதான் போறோம். ஆத்திரத்துல டூட்டில இருக்கற சிஸ்டர் மேல கை வைக்கறது, கண்ணாடிய ஒடைக்கறது, ஆஸ்பத்திரி ஊழியர்கள தாக்கறதுக்கு எதிரா தமிழ்நாட்டுல இருக்கற 2008 சட்டப்படி ஜெயில் வரைக்கும் போற குத்தம். அத விட, அந்த நேரத்துல மத்த பெட்ல இருக்கறவங்களுக்கு யாரும் இல்லாம போயிடும்.

நீங்களும் சாப்பிடுங்க. ரெண்டு பேர் மாறி மாறி இருங்க. சுகர் பிபி மாத்திரை சாப்பிடற அட்டெண்டர் அத வீட்லயே விட்டுட்டு வந்து, நாலாவது நாள் எங்ககிட்டயே அட்மிஷன் ஆகறது நடக்குது.

டிஸ்சார்ஜுக்கு முன்னாடி

டிஸ்சார்ஜ்னு சொன்னதும் ஆட்டோ கூப்பிட ஓடாதீங்க. ரெண்டு நாள் முன்னாடியே "சிஸ்டர், இனி ஃபீட் நான் குடுக்கறேன், நீங்க பாருங்க"ன்னு கேளுங்க. திருப்பறது, டயப்பர் மாத்தறது, இன்சுலின் போடறது, எதெல்லாம் வீட்ல செய்யணுமோ அதெல்லாம் எங்க கண்ணு முன்னாடி உங்க கையால செஞ்சு பாத்துடுங்க. வீடியோ பாத்து கத்துக்கலாம்னு விட்டா நைட்டு ரெண்டு மணிக்கு டியூப் அடைச்சா அப்ப யாரக் கேப்பீங்க.

டிஸ்சார்ஜ் சம்மரிய (என்ன நோய், என்ன வைத்தியம், என்ன மருந்துன்னு எழுதின தாள்) வாங்கி எங்ககிட்டயே ஒரு தடவை விளக்கம் கேட்டுக்கோங்க: எந்தப் பழைய மாத்திரைய நிறுத்தணும், எது புதுசு, மறுபடி எப்ப வரணும், எது ஆனா காத்திருக்காம வரணும். உங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துல போய் மக்களைத் தேடி மருத்துவத்துல பேர் பதிஞ்சுக்கோங்க. 2021 ஆகஸ்ட்ல கிருஷ்ணகிரி மாவட்டத்துல தொடங்கின திட்டம் அது. சுகர் பிபி மாத்திரைய வீட்டுக்கே கொண்டு வந்து தர்றாங்க, படுக்கையில இருக்கறவங்களுக்கு வலி நிவாரண நர்ஸும் பிசியோதெரபிஸ்ட்டும் வீட்டுக்கு வர்றாங்க. நாமளே போய் சொல்லிட்டா லிஸ்ட்ல விட்டுப்போகாது.

கடைசியா, மூக்கு டியூபும் யூரின் டியூபும் எந்த தேதியில போட்டது, எந்த தேதியில மாத்தணும்னு சிஸ்டர்கிட்ட கேட்டு காலண்டர்ல பெருசா எழுதி மாட்டிடுங்க. யூரின் கலங்கலா வந்தாலோ, அடிவயிறு உப்பி பேக்ல எதுவும் எறங்கலைன்னாலோ அந்த தேதி வரைக்கும் காத்திருக்க வேண்டாம், அன்னிக்கே கூட்டிட்டு வந்துடுங்க.